காப்புரிமைக் கோரிக்கையை மேல்முறையீட்டுக்காக வாசிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு காப்புரிமை செல்லாது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதை எதிர்த்துப் புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டிய நிலை வரும்போது, இத்துறைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் முந்தைய ஆவணங்களையே, அதாவது கண்டுபிடிப்புக்கு முன்பே வெளியாகியிருந்த அறிவைக் காட்டும் ஆவணங்களையே, முதலில் கையில் எடுக்கிறார்கள். எந்த ஆவணம் எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று அலசுவதிலேயே மேல்முறையீட்டுக்கு உரிய நாள்கள் கரைந்துவிடுகின்றன. ஆனால் கண்டுபிடிப்பு எளிதில் புலப்படக்கூடியதா இல்லையா என்னும் கேள்வி, பல வழக்குகளில், அந்த ஆவணங்களைத் திறப்பதற்கு முன்பே பாதி தீர்ந்துவிடுகிறது. கோரிக்கையில், அதாவது காப்புரிமையாளர் எதற்கு உரிமை கேட்கிறார் என்று சொல்லும் பகுதியில், உள்ள ஓரிரு சொற்களுக்கு நீதிபதி என்ன பொருள் கொண்டார் என்பதே மற்ற எல்லாவற்றையும் இழுத்துச் செல்கிறது.

மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெறும், அதாவது சேம்பரிங் செய்யும், இளம் வழக்கறிஞர்களையும், காப்புரிமை முகவர் தேர்வுக்குப் படிக்கும் பொறியியல் பட்டதாரிகளையும், தங்கள் காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கும்போது வழக்கறிஞர் என்ன பேசுகிறார் என்று புரிந்துகொள்ள விரும்பும் பட்டறை உரிமையாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சட்டப் பின்னணி இல்லாதவரும் பின்தொடர முடியும். ஆனால் ஒவ்வொரு படியையும் வரிசையில் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனெனில் வரிசை மாறினால் விடையே மாறிவிடும்.

சட்டத்தில் நிற்கும் இடம்

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், அதாவது சட்டம் 291. அது 1986 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிரிட்டனில் பெற்ற காப்புரிமையை இங்கே பதிவுசெய்யும் முறைதான் இருந்தது. நம் நீதிமன்றங்களில் இன்றும் ஆங்கிலேயத் தீர்ப்புகள் இவ்வளவு எடுத்தாளப்படுவதற்கு அந்தப் பழைய உறவும் ஒரு காரணம்.

பிரிவு 15 புத்தாக்கப் படியைப் பற்றிப் பேசுகிறது. துறையில் சாதாரணத் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு, முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது கண்டுபிடிப்புக்கான முதல் விண்ணப்பம் தாக்கலான தேதிக்கு, முன் வெளியாகியிருந்த அறிவைக் கொண்டு பார்த்தால், அந்தப் படி எளிதில் புலப்பட்டிருக்காது என்றால்தான் கண்டுபிடிப்பில் புத்தாக்கம் உண்டு என்று அது சொல்கிறது. எந்த அறிவு கணக்கில் வரும் என்பதைப் பிரிவு 14(2)(அ) வரையறுக்கிறது: உலகில் எங்கேனும், எழுத்தாலோ, வாய்மொழியாலோ, பயன்பாட்டாலோ, வேறு எவ்வகையிலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட அனைத்தும் அதில் அடங்கும். அதே பிரிவின் (ஆ) பகுதியில் வரும், முன்னதாகத் தாக்கலாகி இன்னும் வெளியாகாதிருந்த உள்நாட்டு விண்ணப்பங்கள் புதுமையைச் சோதிக்க மட்டுமே உதவும். புத்தாக்கப் படியைத் தாக்க அவற்றைப் பயன்படுத்த முடியாது. புதியவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு அடுக்கும் ஆவணங்களில் அப்படி ஒன்று இருந்தால், அதை விலக்குவதே உங்கள் முதல் வெற்றியாக அமையக்கூடும்.

காப்புரிமையைச் செல்லாததாக்கும் வழக்கு பிரிவு 56இன் கீழ் நடக்கிறது. நிரூபிக்கும் சுமை, செல்லாது என்று சொல்பவர் மேல் இருக்கிறது.

எதைச் சேகரிக்க வேண்டும்

பேச்சுக்கு முன் தாள்கள். அனுமதிக்கப்பட்ட நிலையில் உள்ள கோரிக்கைகள், கண்டுபிடிப்பை விவரிக்கும் விளக்கவுரை, வரைபடங்கள், பிற்பாடு திருத்தம் நடந்திருந்தால் அந்தத் திருத்தங்கள், உயர் நீதிமன்றத்தின் எழுத்துவடிவத் தீர்ப்பு, நிபுணர்களின் சாட்சியம், அவர்கள் குறுக்கு விசாரணையில் சொன்னவை ஆகியவை மேசையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தின்போது எழுதப்பட்ட கோரிக்கையை அனுமதிக்கப்பட்ட கோரிக்கை என்று எண்ணி வாசித்துவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு சொல் சேர்ந்திருந்தாலும் வழக்கு வேறாகிவிடும்.

மலேசியக் காப்புரிமைகள் பலவற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியா, ஜப்பான், கொரியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளிலோ ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலோ அனுமதி பெற்ற இணையான காப்புரிமையைக் காட்டி, மாற்றியமைக்கப்பட்ட ஆய்வு முறையில் இங்கே அனுமதி பெற வழி இருக்கிறது. அப்படி வந்த கோரிக்கையின் சொற்கள் வெளிநாட்டுக் காப்புரிமையோடு ஒத்திருக்கும். ஆகவே அந்த நாட்டு நீதிமன்றம் அதே சொற்களை எப்படி வாசித்தது என்று தேடிப் பார்ப்பது பயனுள்ளது. அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது; எதிர்த்தரப்பு அதை எடுத்துக்கொண்டு வரும்போது நீங்கள் திகைக்காமல் இருக்க உதவும்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. அறிவிப்பு சுருக்கமானது, அதை உடனே கொடுத்துவிட்டு, கீழே சொல்லும் வாசிப்பை நிதானமாகச் செய்யலாம்.

முந்தைய ஆவணங்களை மூடிவைத்துவிட்டுக் கோரிக்கையைத் திறக்கவும்

இதைவிட முக்கியமான அறிவுரை இந்தக் கட்டுரையில் இல்லை. முந்தைய ஆவணத்தைப் படித்துவிட்டுக் கோரிக்கைக்கு வந்தால், அந்த ஆவணத்தில் உள்ளதையே கோரிக்கையிலும் காணத் தொடங்கிவிடுவோம். எதிரியின் தயாரிப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் அப்படியே. எந்தச் சொல்லின் மேல் சண்டை நடக்கிறது என்பது தெரிந்திருக்கலாம். தெரியாமல் வாசிப்பது வீண் வேலை. அந்தச் சொல்லின் பொருளை மட்டும் காப்புரிமைக்குள்ளிருந்தும் துறையின் அறிவிலிருந்தும்தான் எடுக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் காப்புரிமையை வைத்து இதைக் காட்டுகிறேன். கோலாலம்பூரின் சௌகிட் சந்தையில் தேங்காய்ப் பால் பிழிந்து விற்கும் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இயந்திரம் உடனே மனக்கண்ணில் வரும். உண்மையான கோரிக்கை ஆங்கிலத்திலோ மலாயிலோதான் இருக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

கோரிக்கை 1: தேங்காய்ப் பால் பிழிவதற்கான இயந்திரம், அதில் துளைகள் கொண்ட ஓர் உருளையும், அவ்வுருளையினுள் சுழலும் திருகுத்தண்டும், உருளையின் வெளியேற்று முனையில் நெகிழ்வாகப் பொருத்தப்பட்ட கூம்பும் உள்ளன.

கோரிக்கை 2: கோரிக்கை 1இல் கண்ட இயந்திரம், அதில் கூம்பைத் தாங்குவது ஒரு சுருள்வில்.

கோரிக்கை 3: கோரிக்கை 2இல் கண்ட இயந்திரம், அதில் சுருள்வில்லின் இறுக்கத்தை மாற்ற ஒரு மரை உள்ளது.

விளக்கவுரை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: பழைய இயந்திரங்களில் சக்கை கெட்டிப்பட்டால் திருகு சிக்கிக்கொள்ளும், இந்த இயந்திரத்தில் அழுத்தம் மிகும்போது கூம்பு சற்றுப் பின்வாங்கிச் சக்கைக்கு வழிவிட்டுப் பின்பு தன் இடத்துக்குத் திரும்பும். வரைபடத்தில் சுருள்வில் ஒன்று காட்டப்பட்டிருக்கிறது.

கோரிக்கையைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் தனி வரியில் எழுதுங்கள். பயன், உருளை, துளைகள், திருகுத்தண்டு, கூம்பு, கூம்பின் இடம், பொருத்தப்பட்ட விதம் என்று ஏழு வரிகள் வரும். பிரிக்கும்போது எந்தச் சொல்லையும் விட்டுவிடக் கூடாது. மேல்முறையீட்டில் இந்தப் பட்டியலே உங்கள் வாதத்துக்குச் சட்டகமாகும். உயர் நீதிமன்றம் எந்தக் கூறைப் பற்றிப் பேசாமலே கடந்துவிட்டது என்பதும் இதில்தான் பளிச்சென்று தெரியும்.

யார் கண்ணால் வாசிப்பது

வழக்கறிஞரின் கண்ணாலும் அல்ல, அகராதி ஆசிரியரின் கண்ணாலும் அல்ல. உணவுப் பதப்படுத்தும் இயந்திரங்களை வடிவமைத்துப் பழகிய, கற்பனை வளம் மிகுதியாக இல்லாத, ஆனால் தன் தொழிலை ஒழுங்காக அறிந்த ஒருவர், அந்தச் சொல்லால் கண்டுபிடிப்பாளர் எதைக் குறித்தார் என்று புரிந்துகொண்டிருப்பார்? இதுதான் கேள்வி. சொல்லின் நோக்கத்தைப் பார்த்து வாசிக்கும் இந்த முறை, கதவு நிலையின் மேல் வைக்கும் உத்தரக் கட்டமைப்பைப் பற்றிய கேட்னிக் வழக்கில், அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1980இல் வகுத்தது. மலேசிய நீதிமன்றங்களும் அதை ஏற்று நடக்கின்றன. அந்தக் கோரிக்கையில் பின்புறத் தகடு செங்குத்தாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எதிரியின் தகடு 6 பாகையும் இன்னொரு வடிவத்தில் 8 பாகையும் சாய்ந்திருந்தது. கட்டுமானத் தொழில் அறிந்தவர், சுமையைத் தாங்கும் வேலைக்குப் போதுமான அளவு செங்குத்து என்றே அதை வாசித்திருப்பார், வடிவியல் பாடத்தில் வரும் துல்லியத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று அவை முடிவு செய்தது.

நோக்கம் பார்த்து வாசிப்பது என்பதைச் சிலர் கோரிக்கையை எப்போதும் அகலமாக வாசிப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. நோக்கத்தைப் பார்த்தபின் சொல் குறுகினாலும் குறுகும். விளக்கவுரையில் உள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கோரிக்கைக்குள் இறக்குமதி செய்வதும் நோக்கம் பார்ப்பது ஆகாது. விளக்கவுரை சொல்லுக்கு வெளிச்சம் தரலாம். கோரிக்கையில் இல்லாத ஒரு வரம்பை உருவாக்க முடியாது.

இப்போது "நெகிழ்வாக" என்னும் சொல்லுக்கு வருவோம். அதற்கு மூன்று வாசிப்புகள் முன்வைக்கப்படலாம். முதலாவது, இடத்தை மாற்றக்கூடிய எந்தக் கூம்பும் நெகிழ்வாகப் பொருத்தப்பட்டதே, மரையைத் திருகி நகர்த்தினாலும் சரி என்பது. இரண்டாவது, அழுத்தத்தால் தானே பின்வாங்கித் தானே திரும்பும் கூம்பு மட்டும், அது வில்லால் நடந்தாலும் ரப்பர் திண்டால் நடந்தாலும் சரி என்பது. மூன்றாவது, சுருள்வில் கொண்ட கூம்பு மட்டும் என்பது.

மூன்றாவதை ஏற்பது கடினம். கோரிக்கை 2 சுருள்வில்லைத் தனியாகச் சேர்க்கிறது. கோரிக்கை 1லேயே அது அடங்கியிருந்தால் கோரிக்கை 2க்கு வேலை இல்லை. இப்படி முந்தைய கோரிக்கையைச் சார்ந்து எழுதப்பட்ட சார்புக் கோரிக்கை ஒரு கூறைக் கூடுதலாகச் சொன்னால், அந்தக் கூறு தாய்க் கோரிக்கையில் கட்டாயம் அல்ல என்பதற்கு அது நல்ல சான்று, ஆனால் மாற்ற முடியாத விதி அல்ல. முதல் வாசிப்பு, விளக்கவுரை சொல்லும் பயனோடு பொருந்தவில்லை. மரையைத் திருகி வைத்த கூம்பு, இயந்திரம் ஓடும்போது பின்வாங்காது. திருகு சிக்கும் குறையைத் தீர்க்காது. தன் கண்டுபிடிப்பு தீர்க்க வந்த குறையைத் தீர்க்காத அமைப்பையும் கண்டுபிடிப்பாளர் உரிமை கோரினார் என்று தொழில் அறிந்தவர் நினைத்திருக்க மாட்டார். ஆகவே இரண்டாவது வாசிப்பே நிற்கும் என்பது என் கணிப்பு. இந்த ஒழுங்கில், ஒவ்வொரு வாசிப்புக்கும் எதிராகவும் ஆதரவாகவும் காப்புரிமையின் எந்த வரி நிற்கிறது என்று எழுதிவைத்தால், வாய்மொழி வாதத்தில் நீதிபதிகள் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்டாலும் விரலை வைத்துக் காட்ட உங்களுக்கு ஒரு வரி இருக்கும்.

சிறிய சொற்களை மதிக்கவும். "பிழிவதற்கான" என்பதை, பிழியத் தகுந்த என்று வாசிப்பதே தயாரிப்புகளைப் பற்றிய கோரிக்கைகளில் வழக்கம். அப்படியானால் கடலை எண்ணெய் ஆட்டும் இயந்திரம் ஒன்று தேங்காய்த் துருவலையும் மாற்றம் இல்லாமல் பிழியும் நிலையில் இருந்தால், அது கடலைக்காகச் செய்யப்பட்டது என்ற காரணத்தால் மட்டும் கோரிக்கையின் பிடியிலிருந்து தப்பாது. ஆங்கிலக் கோரிக்கைகளில் கூறுகளை அறிமுகப்படுத்தும் சொல் "கம்ப்ரைசிங்" என்றால் வேறு கூறுகளும் சேரலாம் என்று பொருள். "கன்சிஸ்டிங் ஆஃப்" என்றால் பட்டியல் பொதுவாக மூடப்பட்டுவிட்டது. அடைப்புக்குள் வரும் வரைபட எண்கள் கோரிக்கையைக் குறுக்குவதில்லை.

நிபுணர் சாட்சியத்தை எங்கே பயன்படுத்துவது என்பதிலும் தெளிவு வேண்டும். துறையில் ஒரு சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டா, அந்தக் காலத்தில் வடிவமைப்பாளர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பவற்றை நிபுணர் சொல்லலாம். சாதாரணச் சொல் ஒன்று கோரிக்கையில் என்ன பொருள் தருகிறது என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 40ஏ ஆணைப்படி நிபுணரின் கடமை முதலில் நீதிமன்றத்துக்கே. ஆகவே தீர்ப்பில், நிபுணர் இப்படி வாசித்தார், அதனால் பொருள் இதுதான் என்ற போக்கு தெரிந்தால் அதைக் குறித்துவையுங்கள். மேல்முறையீட்டுக் காரணமாக அது வலுவானது.

ஒரே பொருள், இரண்டு கேள்விகளுக்கும்

உரிமை மீறப்பட்டதா என்று கேட்கும்போதும், காப்புரிமை செல்லுமா என்று கேட்கும்போதும் கோரிக்கைக்கு ஒரே பொருள்தான். இத்தாலியப் பேராசிரியர் மாரியோ ஃபிரான்சோசி காப்புரிமையாளரை அங்கோரா பூனைக்கு ஒப்பிட்டதை ஆங்கிலேய நீதிபதி ஜேக்கப் ஒரு தீர்ப்பில் எடுத்தாண்டிருக்கிறார். செல்லாது என்று யாராவது தாக்கினால் பூனை உரோமத்தைப் படியவைத்துச் சிறிதாகச் சுருண்டுகொள்கிறது. தானே தாக்கப் போகும்போது உரோமத்தைச் சிலிர்த்துப் பெரிதாக நிற்கிறது. மேல்முறையீட்டுக்குத் தயாராகும்போது உங்கள் தரப்பு உயர் நீதிமன்றத்தில் இந்தப் பூனையின் வேலையைச் செய்திருக்கிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்க்க வேண்டும். மீறல் பகுதியில் நெகிழ்வு என்றால் எந்த அசைவும் சேரும் என்று வாதிட்டுவிட்டு, செல்லும்தன்மைப் பகுதியில் சுருள்வில் மட்டும் என்று வாதிட்டிருந்தால், எதிர்த்தரப்பு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும். அதற்கு முன் ஒரு வாசிப்பைத் தேர்ந்து, அதன் விளைவை இரு பக்கமும் ஏற்பதே நல்லது.

குறுகிய வாசிப்பு எப்போதும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் தவறு. நம் எடுத்துக்காட்டிலேயே பாருங்கள். எதிர்த்தரப்பு இரண்டு முந்தைய ஆவணங்களைக் கொண்டுவருகிறது. முதல் ஆவணத்தில் தேங்காய்ப் பால் இயந்திரம் ஒன்றில் கூம்பு மரையால் இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதில் எண்ணெய் ஆட்டும் இயந்திரம். கூம்பின் பின்னால் ரப்பர் திண்டு. உருளையில் துளைகளுக்குப் பதில் கம்பிகளுக்கு இடையே நீண்ட இடுக்குகள்.

முதல் வாசிப்பை ஏற்றால் முதல் ஆவணமே கோரிக்கையின் எல்லாக் கூறுகளையும் காட்டிவிடும், புதுமையே போய்விடும். இரண்டாவது வாசிப்பை ஏற்றால் முதல் ஆவணத்துக்கும் கோரிக்கைக்கும் உண்மையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. எண்ணெய் இயந்திரத்தில் உள்ள திண்டைத் தேங்காய்ப் பால் இயந்திரத்துக்குக் கொண்டுவர அன்றைய வடிவமைப்பாளருக்குத் தோன்றியிருக்குமா என்பது சாட்சியத்தால் தீரும் கேள்வியாகிறது. மூன்றாவது வாசிப்பை ஏற்றால் இரண்டு ஆவணங்களிலும் சுருள்வில் இல்லை என்று சொல்ல முடியும். ஆனால் ஆவணங்களை இணைப்பது எளிது என்று நீதிமன்றம் கருதினால், ரப்பர் திண்டின் இடத்தில் சுருள்வில்லை வைப்பது எந்தப் பட்டறையிலும் நடக்கும் மாற்றம் என்று எதிரி சொல்லுவார். அதோடு, ரப்பர் திண்டு பயன்படுத்தும் போட்டியாளர் மீறலிலிருந்து தப்பிவிடுவார். குறுக்கியதால் செல்லும்தன்மையில் கிடைப்பது சிறிது, இழப்பது பெரிது.

கோரிக்கையின் பொருளும் எளிதில் புலப்படுதலும் சந்திக்கும் இடம்

எளிதில் புலப்படுதலைச் சோதிக்க, விண்ட்சர்ஃபிங் வழக்கில் ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்து, 2007ஆம் ஆண்டு போசோலி வழக்கில் வரிசை மாற்றி எழுதப்பட்ட நான்கு படிகளையே இங்கேயும் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். துறை அறிந்தவர் யார், அவருடைய பொது அறிவு என்ன என்று முதலில் காண வேண்டும். அடுத்து, கோரிக்கையின் புத்தாக்கக் கருத்தை அடையாளம் காண வேண்டும். அது எளிதில் முடியாவிட்டால் கோரிக்கைக்குப் பொருள் கொள்ள வேண்டும். மூன்றாவதாக, அந்தக் கருத்துக்கும் முந்தைய அறிவுக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிட வேண்டும். கடைசியாக, கண்டுபிடிப்பைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில், அந்த வேறுபாடுகள் துறை அறிந்தவருக்கு எளிதில் புலப்பட்டிருக்குமா என்று கேட்க வேண்டும். இரண்டாம் படியில் பொருள் பிசகினால் மூன்றாம் படியில் வேறுபாடுகள் கூடவோ குறையவோ செய்யும். நான்காம் படியில் நீதிபதி வேறொரு கேள்விக்கு விடை சொல்லிவிடுவார்.

விண்ட்சர்ஃபிங் வழக்கின் உண்மைகளை நான் புதியவர்களிடம் எப்போதும் சொல்வேன், ஏனெனில் சொல்லும் புலப்படுதலும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது அதில் கண்ணுக்கு நேரே நிற்கிறது. பாய் கட்டிய சறுக்குப் பலகையின் காப்புரிமையில், பாயின் இருபுறமும் வளைந்த இரண்டு கைத்தண்டுகள் இருக்க வேண்டும் என்று கோரிக்கை சொன்னது. எதிர்த்தரப்பு, 1958இல் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் தானே செய்து கடலில் ஓட்டிய பலகையைக் காட்டியது. அதன் தண்டுகள் நேரானவை. ஆனால் காற்று பாயை நிரப்பும்போது அவை வளைந்தன. வளைந்த தண்டு என்பது, செய்யும்போதே வளைத்த தண்டா, பயன்பாட்டில் வளையும் தண்டையும் சேர்க்குமா என்ற கேள்வியைத் தாண்டாமல் அங்கே எந்த முடிவுக்கும் வர முடியாது. நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாது என்றது. நம் பிரிவு 14இல் பயன்பாட்டால் வெளிப்பட்டது என்ற சொற்கள் இருப்பதால், விடுமுறையில் கடற்கரையில் ஒரு சிறுவன் எல்லோரும் பார்க்க ஓட்டியதும் இங்கே முந்தைய அறிவாகிவிடும்.

சார்புக் கோரிக்கைகளைத் தனித்தனியே எடுத்துப் பேசவும்

முன்பு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில், தனிக் கோரிக்கை விழுந்தால் அதைச் சார்ந்தவையும் சேர்ந்து விழும் என்று சொல்லியிருந்தது. எலும்பு மெலிவு மருந்து பற்றிய மெர்க் ஷார்ப் அண்ட் டோம் எதிர் ஹோவிட் வழக்கில், 2019இல், அதே நீதிமன்றம் அந்த நிலையிலிருந்து விலகியது. இன்று ஒவ்வொரு சார்புக் கோரிக்கையின் செல்லும்தன்மையையும் அதனதன் அடிப்படையில் பார்க்க வேண்டும். இது நியாயமான மாற்றம் என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன். தாய்க் கோரிக்கை அகலமாக எழுதப்பட்டுவிட்டது என்பதற்காக, அதன் கீழ் துல்லியமாக எழுதப்பட்ட கோரிக்கையும் சேர்ந்து போவது, கண்டுபிடிப்பாளர் உண்மையில் தந்ததைப் பறிப்பதாகும். பிரிவு 56(3)உம், குறை சில கோரிக்கைகளை மட்டும் தொட்டால் அவற்றை மட்டும் செல்லாது என்று அறிவிக்க இடம் தருகிறது.

இதனால் வேலை கூடுகிறது. கோரிக்கை 3இல் உள்ள, இறுக்கத்தை மாற்றும் மரைக்கும் ஏழு வரிப் பட்டியலைப் போல ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அது சேர்க்கும் கூறு என்ன, அதற்கு நிபுணர் என்ன சொன்னார், உயர் நீதிமன்றம் அதைத் தனியாகப் பார்த்ததா என்று எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஒரு சொல்கூடப் பேசப்படாத சார்புக் கோரிக்கையை மேல்முறையீட்டில் முதன்முறையாகக் கையில் எடுத்தால் நீதிபதிகளின் முகம் சுருங்குவது இயல்பே. ஆகவே முதல் விசாரணையிலேயே அந்த விதையைப் போட்டிருக்க வேண்டும்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் எதை மாற்ற முடியும்

1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 69 மேல்முறையீடு மறுவிசாரணை வடிவில் நடக்கும் என்று சொல்கிறது. ஆனாலும் எல்லா முடிவுகளையும் நீதிமன்றம் ஒரே அளவில் தொடுவதில்லை. கோரிக்கையின் பொருள் சட்டக் கேள்வியாகக் கருதப்படுவதால், மூன்று நீதிபதிகளும் தாமே புதிதாக வாசிக்கத் தயங்க மாட்டார்கள். எளிதில் புலப்படுமா என்பது சாட்சியங்களை எடைபோட்டு வரும் மதிப்பீடு. சாட்சிகளை நேரில் பார்த்த நீதிபதியின் மதிப்பீட்டில், அவர் தெளிவாகத் தவறியிருந்தால் ஒழிய, தலையிடுவதில்லை. இதே எச்சரிக்கையைப் பயோஜென் எதிர் மெடேவா வழக்கில் ஹாஃப்மன் பிரபுவும் வலியுறுத்தியிருக்கிறார்.

இதிலிருந்து வழி பிறக்கிறது. மதிப்பீடு பிடிக்கவில்லை என்று நேராக முட்டினால் கதவு திறப்பது அரிது. அந்த மதிப்பீடு தவறான பொருளின் மேல் கட்டப்பட்டது என்று காட்டினால், அதற்கு இருந்த பாதுகாப்பு நீங்கிவிடும். இரண்டு மேல்முறையீட்டுக் காரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பலவீனமான வடிவம்: கோரிக்கை 1 எளிதில் புலப்படக்கூடியது என்று கண்டதில் கற்றறிந்த நீதிபதி சட்டத்திலும் உண்மையிலும் தவறினார்.

வலுவான வடிவம்: கோரிக்கை 1இல் உள்ள நெகிழ்வாகப் பொருத்தப்பட்ட என்னும் சொற்கள் மரையால் நகர்த்தப்படும் கூம்பையும் உள்ளடக்கும் என்று கற்றறிந்த நீதிபதி பொருள் கொண்டது தவறு, விளக்கவுரை கூறும் பயனும் கோரிக்கை 2உம், அழுத்தத்தால் தானே பின்வாங்கித் திரும்பும் கூம்பையே அச்சொற்கள் குறிக்கின்றன என்று காட்டுகின்றன, இந்தத் தவறான பொருளின் விளைவாக, முதல் ஆவணத்துக்கும் கோரிக்கைக்கும் வேறுபாடு இல்லை என்று அவர் கண்டார், சரியான பொருளின்படி உள்ள வேறுபாடு எளிதில் புலப்படுமா என்ற கேள்வியை அவர் பரிசீலிக்கவே இல்லை.

இரண்டாவதன் கடைசி இரு பகுதிகளே அதன் உயிர். பொருள் தவறு என்று மட்டும் நிறுவி, அதனால் முடிவு எப்படி மாறும் என்று காட்டாவிட்டால், தவறு இருந்தது, ஆனால் விளைவு இல்லை என்று நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிவிடும். எண்ணெய் இயந்திரத்து ஆவணத்தை எதிர்த்தரப்பு கட்டாயம் எடுக்கும். சரியான பொருளின்படியும் அதையும் முதல் ஆவணத்தையும் இணைத்தால் கண்டுபிடிப்பு எளிதே என்று சொல்லும். ஆகவே அந்த இணைப்பைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் நிபுணர் சொன்ன வரிகளைப் பக்க எண்ணோடு எடுத்துவைக்க வேண்டும். இரு தொழில்களிலும் வேலை செய்தவர்கள் யார், ரப்பர் திண்டு தேங்காய்ப் பாலின் ஈரத்தில் நிற்குமா, அந்தக் காலத்தில் சிக்கும் குறையை மற்றவர்கள் எப்படித் தீர்க்க முயன்றார்கள் என்பவையெல்லாம் அங்கேதான் இருக்கும். புதிய சாட்சியத்தை இந்தக் கட்டத்தில் சேர்ப்பது மிகக் கடினம். முயற்சி எடுத்தும் முன்பு கிடைத்திருக்க முடியாதது என்றும் முடிவைத் தீர்மானிக்கக்கூடியது என்றும் காட்ட வேண்டும்.

நீங்கள் எதிர்மனுதாரராக, அதாவது காப்புரிமை செல்லாது என்ற தீர்ப்பைக் காப்பவராக இருந்தால், இதே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். நீதிபதி தேர்ந்த பொருள் மாறினாலும் முடிவு மாறாது என்பதை ஒவ்வொரு வாசிப்புக்கும் தனித்தனியே காட்டுவதே உங்கள் வேலை. மூன்று வாசிப்புகளையும் மூன்று நிரல்களாகவும், கூறுகளை வரிசைகளாகவும் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்று நிரப்பிய ஒரே தாளை எழுத்துவாதத்தோடு இணைத்தால், நீதிபதிகள் அதை மேசையில் விரித்துவைத்தே கேட்பார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அப்பால் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போக, அதே 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 96இன் கீழ் முன் அனுமதி தேவை. பொதுவான சட்டக் கோட்பாடு ஒன்றைச் சார்ந்து முதன்முறையாக முடிவு செய்யப்பட்ட கேள்வியோ, பொதுநலத்துக்காக மேலும் வாதம் வேண்டப்படும் முக்கியக் கேள்வியோ இருக்க வேண்டும். ஒரு தனிக் காப்புரிமையில் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது அந்த வாயிலை எளிதில் தாண்டாது. சார்புக் கோரிக்கைகளை எப்படிப் பார்ப்பது என்பது தாண்டியது. ஆகவே உங்கள் சொல்லுக்கான கடைசி நல்ல வாய்ப்பு பெரும்பாலும் புத்ராஜெயாவின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் என்று எண்ணி, மேல்முறையீட்டுக் காரணங்களை அடுக்கும் குறிப்பாணையை எழுதத் தொடங்குமுன் மேலே சொன்ன ஏழு வரிப் பட்டியலை முடித்துவிடுங்கள்.